பட்டியலுக்கு ஆகும் செலவு

2020 மே 1, விடிகாலை 4.50 மணி. ஹைதராபாத்தின் லிங்கம்பள்ளி ரயில் நிலையத்திலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு ஒரு ரயில் கிளம்பியது. 24 பெட்டிகள், சுமார் 1,200 பேர். கொரோனா ஊரடங்கில் சிக்கிய புலம்பெயர் தொழிலாளர்களுக்காக நாட்டிலேயே முதலில் ஓடிய சிறப்பு ரயில் அதுதான். சங்காரெட்டி பக்கம் கந்தியில் ஐ.ஐ.டி. வளாகக் கட்டுமானத்தில் வேலை பார்த்தவர்கள் அதில் போனார்கள். அவர்களை நிலையத்துக்குக் கொண்டுவர 57 பேருந்துகள் ஓடின. பேருந்துக்குச் சராசரியாக 21 பேர், பெட்டிக்கு 50 பேர். நாங்கள் வசிக்கும் கொண்டாப்பூரிலிருந்து லிங்கம்பள்ளி பத்துக் கிலோமீட்டருக்குள்தான். இங்கே அடுக்குமாடிகளில் இருந்த எங்களில் பலருக்கு டிவியில் பார்த்த பிறகுதான் விஷயமே தெரியும்.

1,200 பேரை 57 பேருந்தில் ஏற்றி 24 பெட்டியில் உட்காரவைக்க வேண்டுமென்றால் பேருந்துக்கும் பெட்டிக்கும் முன்னால் ஒன்று வேண்டும்: யார், எங்கே, எத்தனை பேர் என்ற பட்டியல். டீசலுக்கு ரசீது உண்டு, டிக்கெட்டுக்குக் கட்டணம் உண்டு, சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு விலை உண்டு. பட்டியல் எழுதியவருக்கு எந்த நிவாரணக் கணக்கிலும் தனி வரி போட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஒரு வரியைப் போட்டுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அரிசி. 2020 மார்ச் கடைசியில் தெலங்கானா அரசு, மாநிலத்தில் இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் 3.35 லட்சம் பேர் என்று சொன்னது. ஆளுக்கு 12 கிலோ அரிசி அல்லது கோதுமை மாவு, கையில் 500 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் 40.2 லட்சம் கிலோ, அதாவது 4,020 டன். பத்து டன் லாரியாக எண்ணினால் 402 லாரி. ரொக்கம் 16 கோடியே 75 லட்சம். பெரிய அறிவிப்பு, நல்ல அறிவிப்பு. அரசு தவிர அடுக்குமாடிச் சங்கங்கள், கோயில்கள், மசூதிகள், குருத்வாராக்கள், ஐடி கம்பெனிகளின் ஊழியர் குழுக்கள் என்று எல்லாரும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். சைபராபாத் காவல்துறையும் ஐடி நிறுவனங்களும் சேர்ந்து கச்சிபவுலியில் நடத்தும் பாதுகாப்புக் கவுன்சிலும் தன்னார்வலர்களைத் திரட்டியது.

அந்த நாட்களில் கொண்டாப்பூரில் பாதியில் நின்ற ஒரு கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை வரிசை ஒன்றைப் பார்த்தேன். ஒரு அறையில் மூன்று விதமான பைகளில் அரிசி. மூன்றும் வேறு வேறு குழு கொடுத்தது. சின்ன சிலிண்டர் காலி. “அரிசி இருக்கு சார், கேஸ்தான் இல்ல. பக்கத்து வரிசைக்கு அரிசியே வரல” என்றார் மேஸ்திரி. சொன்னதோடு நிற்காமல் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் காட்டினார். அறை எண், ஆட்கள், அதில் பெண்கள், குழந்தைகள், கடைசியாக கேஸ் நிரப்பிய தேதி என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார். கூலி கணக்கு எழுதிப் பழகிய கை. வந்துபோன குழுக்களில் எத்தனை பேர் அந்த நோட்டைக் கேட்டார்கள் என்று விசாரித்தேன். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஃபோட்டோ.

அந்த நோட்டின் விலை 30 ரூபாய் இருக்கும்.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. வெள்ளத்தில் வீடிழந்த 250 குடும்பம், 1,000 பேர், 10 நாள் முகாமில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் நிவாரணத்துக்கான குறைந்தபட்ச அளவுகளை வெளியிட்டது. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், பெரியவருக்கு ஒரு நாளைக்கு 2,400 கலோரி சாப்பாடு, 3 லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு 15 லிட்டர் என்பது ‘ஸ்பியர்’ கையேட்டின் உலகளாவிய அளவு.

இடத்தைப் பாருங்கள். 1,000 பேருக்கு 3,500 சதுர மீட்டர் என்றால் சுமார் 37,700 சதுர அடி. இருபதுக்கு இருபத்தைந்து அடி வகுப்பறை ஒன்று 500 சதுர அடி. 76 வகுப்பறை வேண்டும்! எந்த ஒரு அரசுப் பள்ளியும் இதைத் தாங்காது. நாலைந்து பள்ளி, ஒரு கல்யாண மண்டபம், ஒரு சமுதாயக் கூடம் என்று பிரித்துத்தான் தங்கவைக்க முடியும். ஒருங்கிணைப்பு வேலை அப்படிப் பிரிக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. எந்த மண்டபத்தில் கைக்குழந்தைகள், 1,000 பேருக்குத் தேவையான 34 கழிப்பறையில் எந்தப் பள்ளியில் எத்தனை வேலை செய்கிறது, சாப்பாட்டு வண்டி எந்த வழியாக எப்போது வரும் என்று யாராவது எழுதி வைக்க வேண்டும்.

செலவு இப்படி வரும். ஹைதராபாத் மாநகராட்சியின் ஐந்து ரூபாய் உணவகத்தில் ஒரு மதியச் சாப்பாட்டின் அடக்கவிலை, மாநகராட்சி போடும் பங்கையும் சேர்த்தால், சுமார் 30 ரூபாய். குடிநீர் வாரியமான ஜலமண்டலியின் 5,000 லிட்டர் டேங்கர் வீட்டு உபயோகத்துக்கு 500 ரூபாய். மாநிலப் பேரிடர் நிதியின் 2022-26 விதிப்படி வீட்டில் வெள்ளம் புகுந்து தங்கிய குடும்பத்துக்குத் துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500.

சாப்பாடு: 1,000 பேர் × 2 வேளை × ரூ. 30 × 10 நாள் = ரூ. 6,00,000
தண்ணீர்: நாளைக்கு 3 டேங்கர் × ரூ. 500 × 10 நாள் = ரூ. 15,000
துணிமணி, பாத்திரம்: 250 குடும்பம் × ரூ. 5,000 = ரூ. 12,50,000
மொத்தம்: ரூ. 18,65,000

இப்போது விட்டுப்போன வரி. இரண்டு பேர், நாளைக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய், 10 நாள்: 20,000. ஃபோன், ஜெராக்ஸ், ஆட்டோ: 5,000. ஆக 25,000 ரூபாய். மேலே உள்ள மொத்தத்தில் 1.3 சதவீதம். ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு 60 ரூபாய். 25,000-ஐ 60-ஆல் வகுத்தால் 417. பத்து நாளில் மொத்தம் 10,000 ஆள்-நாள் சாப்பாடு போகிறது. அதில் 417 வீணாகாமல் தடுத்தாலே அந்த இரண்டு பேரின் கூலி திரும்பிவிடும். முகாம்களில் மதியம் மூன்று வண்டி பிரியாணி வந்து, இரவு ஒன்றும் வராமல் போவதைப் பார்த்தவர்கள் 417 என்ற எண்ணைக் கண்டு சிரிப்பார்கள். ஒரே மதியத்தில் அதைவிட அதிகம் குப்பைக்குப் போயிருக்கும்.

நான் 20,000 கூலி போட்டது ஒரு காரணத்துக்காக. தன்னார்வலர் என்றால் இலவசம் என்று எண்ணிவிடுகிறோம். இலவசமாகக் கிடைப்பதற்குக் கணக்கில் இடம் கொடுப்பதில்லை. இடம் இல்லாத வேலையை யாரும் பொறுப்பாக ஒப்படைப்பதும் இல்லை. கூலி வாங்காவிட்டாலும் அந்த வரி இருக்க வேண்டும்.

பணம் குறைவால் மட்டும் நிவாரணம் கெடுவதில்லை என்பதற்கு ஹைதராபாத்தே சாட்சி. 2020 அக்டோபர் 14 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் பேகம்பேட்டையில் 191.8 மி.மீ. மழை. அக்டோபர் மாதத்துக்கு அதுவரை இருந்த உச்சம் 1903-இல் பதிவான 117.1 மி.மீ. ஏரிகளின் கீழே கட்டிய குடியிருப்புகளில் முதல் மாடி வரை தண்ணீர். அடுத்த சில நாட்களில், நகரில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் 37 ஆயிரத்துச் சொச்சம் என்று அமைச்சர் கே.டி. ராமாராவ் சொன்னார். குடும்பத்துக்கு 2,800 ரூபாய் மதிப்பில் மளிகையும் கம்பளியும். அந்தக் கணக்கில் சுமார் 10 கோடி. அக்டோபர் 19-இல் முதல்வர் சந்திரசேகர ராவ் குடும்பத்துக்கு 10,000 ரூபாய் ரொக்கம் என்று அறிவித்து 550 கோடி ஒதுக்கினார். 550 கோடியை 10,000-ஆல் வகுத்தால் ஐந்தரை லட்சம் குடும்பம். ஒரு வாரத்துக்குள் 37 ஆயிரம் ஐந்தரை லட்சமாகிறது, ஏறத்தாழ 15 மடங்கு.

இதில் யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. வீடே மூழ்கியவரை எண்ணினால் ஒரு எண், தெருவில் தண்ணீர் நின்றவரையும் எண்ணினால் இன்னொரு எண். எண்ணும்போது எதை எண்ணுகிறோம் என்று எழுதி வைக்கவில்லை, அதுதான் கேடு. விளைவு எல்லாருக்கும் தெரியும். பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்கள் மாநகராட்சி அலுவலகங்கள் முன்னால் போராடினார்கள். இடையில் கமிஷன் பிடித்ததாகப் புகார்கள் எழுந்தன. நவம்பரில் ‘மீ சேவா’ என்ற அரசுச் சேவை மையங்களில் விடிகாலையிலிருந்து வரிசை. டிசம்பர் 1 மாநகராட்சித் தேர்தலுக்காக நவம்பர் 18-இல் மாநிலத் தேர்தல் ஆணையம் விநியோகத்தை நிறுத்தச் சொன்னது. மழை பெய்து ஐந்து வாரம் கழித்தும் வரிசையில் நின்றவர்களில் உண்மையிலேயே பாயும் பானையும் இழந்தவர்கள் எத்தனை பேர்?

அந்த வெள்ளத்துக்குத் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் அனுப்பியது, பாயும் போர்வையும்கூட. இங்கே வாழும் தமிழர்களுக்கு அது பெருமையாக இருந்தது. குடும்பத்துக்கு 10,000 என்ற கணக்கில் அது சரியாகப் பத்தாயிரம் குடும்பத்துக்கான பணம். அந்தப் பத்தாயிரம் குடும்பம் எது என்று கேட்டால் கை காட்ட ஒரு தெருப் பெயராவது வேண்டுமல்லவா?

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் 2004-இலேயே வந்தது. டிசம்பர் 26 சுனாமியில் இந்தியாவில் இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 10,749. அதில் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் 6,065. பாதிக்கும் மேல் ஒரே மாவட்டத்தில். நாடெங்கிலுமிருந்து லாரிகள் அங்கே திரும்பின, வெளிநாடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. ஒரு வாரத்தில் நாகையின் சாலையோரங்களில் குவிந்து கிடந்தது பழைய துணி. கடலில் எல்லாம் இழந்தாலும் மானத்தோடு இருந்த மீனவர்கள் அந்தக் கிழிசலைத் தொடவில்லை. மழையில் நனைந்து அழுகியது. அதை அள்ளி அகற்றுவது நகராட்சிக்கு இன்னொரு நிவாரண வேலையாயிற்று.

அந்தக் குழப்பத்தின் நடுவே, அலை வந்து ஒரு வாரத்துக்குள், நாகை ஆட்சியர் அலுவலகத்திலேயே ஒரு மேசை போடப்பட்டது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் நாகையின் ‘ஸ்நேகா’ அமைப்பும் சேர்ந்து தொடங்கியது. பின்னாளில் தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மற்றும் வள மையம் என்று பெயர் பெற்றது. ஆனி ஜார்ஜ் அதை வழிநடத்தினார். தஞ்சாவூரிலிருந்து நாகைக்கு ஆட்சியராக மாற்றப்பட்ட ஜெ. ராதாகிருஷ்ணன் காலத்தில் அந்த மேசைக்கு அரசுக்குள்ளேயே ஒரு இடம் கிடைத்தது. என் பார்வையில் இதுதான் முக்கியம். வெளியே தனியாக ஒரு கட்டடம் எடுத்திருந்தால் அது இன்னொரு தொண்டு நிறுவனமாகப் போயிருக்கும். ஆட்சியர் அலுவலகத்துக்குள் இருந்ததால், லாரியோடு வருகிறவர் யாராக இருந்தாலும் கேட்க ஒரு இடம் இருந்தது: எந்தக் கிராமத்தில் யார் ஏற்கெனவே இருக்கிறார்கள், என்ன குறைகிறது, யாரிடம் பேச வேண்டும். கிராமங்களில் தகவல் மையங்கள் வைத்து அந்த விவரத்தை அவ்வப்போது புதுப்பித்தார்கள்.

அந்த மேசை தீர்த்த சிக்கல்களின் அளவு தெரிய ஒரு அரசாணையைப் பார்க்கலாம். 2005 ஜனவரி 13-இல் தமிழ்நாடு அரசு, வீடு கட்ட வரும் அமைப்புகளுக்கு நிபந்தனை வைத்தது. குறைந்தது 50 வீடு. ஒரு வீடு 300 முதல் 325 சதுர அடி. வீட்டுக்குச் சுமார் ஒன்றரை லட்சம். அதாவது 75 லட்சம் ரூபாய் கையில் இல்லாதவர் தனியாக வர முடியாது. பத்து லட்சம் திரட்டி வந்த நல்லெண்ணக் குழுக்கள் என்ன செய்யும்? இன்னொரு குழுவோடு சேர வேண்டும், அல்லது வீட்டை விட்டுவிட்டு வேறு தேவையைத் தேட வேண்டும். இரண்டுக்கும் யாராவது சேர்த்துவைக்க வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்தது என்று எழுத மாட்டேன். கொடுப்பவருக்குப் படகு பிடித்துப்போயிற்று. படகில் தங்கள் பெயர் எழுதலாம், கடலோரத்தில் நிறுத்திப் படம் எடுக்கலாம். விளைவு, சுனாமிக்கு முன் இருந்ததைவிட ஃபைபர் படகுகள் பெருகின. பிடிக்க மீன் பெருகவில்லை. மீனவப் பஞ்சாயத்துகள் வந்ததை ஊருக்குள் சமமாகப் பங்கு போடும் அருமையான வழக்கம் வைத்திருந்தன. ஆனால் அந்தப் பங்குக்கு வெளியே தலித் குடும்பங்கள், கூலி வேலைக்காரர்கள், இருளர்கள், படகில்லாத விதவைகள். உப்பு ஏறிய வயல்காரர்களை முதல் வாரங்களில் யாரும் நினைக்கவில்லை. படகு எண்ணிக்கை கூடியதும் வயல் விட்டுப்போனதும் ஒரே பட்டியலின் இரண்டு பக்கம். அந்தப் பட்டியல் கையில் இருந்ததால்தான் பிறகு சில அமைப்புகளை வயல் பக்கம் திருப்ப முடிந்தது; இயற்கை வேளாண் முன்னோடி கோ. நம்மாழ்வாரும் மற்ற இயற்கை விவசாயிகளும் தக்கைப்பூண்டு விதைத்து நாகை நிலங்களை மீட்ட வேலை அப்படித்தான் வலுப்பட்டது.

சுனாமியின் உலகக் கணக்கு இன்னும் திகைக்கவைக்கும். 2006-இல் வெளியான கூட்டு மதிப்பீட்டு அறிக்கை, சுனாமிக்குத் திரண்ட பணம் சுமார் 1,400 கோடி டாலர் என்றது. பாதிக்கப்பட்டவர் ஒருவருக்கு 7,100 டாலருக்கு மேல். அதே 2004-இல் பங்களாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 3 கோடியே 60 லட்சம் பேர். தலைக்குக் கிடைத்தது 3 டாலர். ஓர் இடத்தில் 2,300 மடங்குக்கு மேல் கொட்டியது. அப்படிக் கொட்டும் இடத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே கிராமத்துக்கு ஐந்து அமைப்புகள் போவது இயல்பு. ஐக்கிய நாடுகள் அமைப்பு 2005-இல் தண்ணீர், உறைவிடம், மருத்துவம் என்று நிவாரண வேலையைத் துறைவாரிக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் வைத்ததும் இதுபோன்ற அனுபவங்களிலிருந்துதான்.

கொண்டாப்பூர்வாசிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது கொழும்பில் நடந்தது. சுனாமி வந்த சில நாட்களில் இலங்கையின் மென்பொருள்காரர்கள், லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் துணையோடு, ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமல்போனவர் பதிவு, முகாம் பதிவு, உதவிக் கோரிக்கைப் பதிவு, இவற்றோடு மிக எளிதான, மிகத் தேவையான ஒன்று: எந்த அமைப்பு எந்த ஊரில் என்ன செய்கிறது என்ற பதிவு. அரசின் தேசியச் செயல்பாட்டு மையம் அதைப் பயன்படுத்தியது. விலை கிடையாது, யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம், 2010 ஹைட்டி என்று அது ஊர் ஊராகப் போயிற்று. 2006-க்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் கிடைத்தது. எழுதியவர்கள் யாரும் மூட்டை தூக்கவில்லை. தங்கள் கைக்குத் தெரிந்த வேலையைச் செய்தார்கள்.

2015 சென்னை வெள்ளத்தில் ஒரு பொதுத் தாளில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய உதவிப் பட்டியல், 2018 கேரள வெள்ளத்தில் மாநில ஐடி மிஷனும் தன்னார்வலர்களும் நடத்திய மீட்புத் தளம், இரண்டும் சஹானாவின் வாரிசுகள் என்றே சொல்வேன். கேரளத்தில் 4,537 மீனவர்கள் 669 படகுகளில் சுமார் 65,000 பேரைக் காப்பாற்றினார்கள். படகுக்கு 97 பேர். வீரம் மீனவர்களுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே வீட்டுக்காக நாலு உறவினர்கள் நாலு ஊரிலிருந்து பதிவு போட்டிருந்தால், அந்த நாலில் மூன்றை அடிக்க ஒருவர் எங்கோ ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அடிக்காவிட்டால் காலி வீட்டுக்கு ஒரு படகு போகும். 97 பேர் காத்திருப்பார்கள்.

எச்சரிக்கைக்குச் செலவு செய்ய நமக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு, 2007 அக்டோபரில், இங்கே ஹைதராபாத்தின் பிரகதி நகரில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் திறந்தது. செலவு சுமார் 125 கோடி ரூபாய். நிலநடுக்கம் நடந்து பத்து நிமிடத்துக்குள் முதல் அறிவிப்பு கொடுக்கும் ஏற்பாடு. நாகைக்கும் கொழும்புக்கும் ஜகார்த்தாவுக்கும் பயன்படுகிறது. ஆட்களுக்கும் செலவு செய்கிறோம். மத்திய அரசின் ‘ஆப்தா மித்ரா’ திட்டத்தில் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி, 369.40 கோடி ரூபாய். ஆளுக்கு 36,940 ரூபாய். 12 நாள் பயிற்சி, உயிர்க்காப்பு உடை முதல் டார்ச் வரை கருவிப் பை, காப்பீடு எல்லாம் அடக்கம். அடுத்து வந்த இளைஞர் திட்டத்தில் 2.37 லட்சம் பேருக்குச் சுமார் 470 கோடி, ஆளுக்கு ஏறத்தாழ 19,800. ஒரு ரூபாய்கூட வீண் என்று சொல்ல மாட்டேன். நீந்தத் தெரிந்தவர் வேண்டும், கட்டுப்போடத் தெரிந்தவர் வேண்டும். அந்த 12 நாளில் ஒரு முழுநாளைப் பட்டியல் எழுதுவதற்கென்றே ஒதுக்குங்கள் என்பது என் கோரிக்கை. 36,940-ஐ 12-ஆல் வகுத்தால் அந்த ஒரு நாளின் பங்கு 3,078 ரூபாய்.

பட்டியல் இல்லாமல் கிளம்பும் லாரிக்கு என்ன ஆகிறது என்றும் போட்டுப் பார்க்கலாம். 2024 செப்டம்பர் முதல் நாள் முன்னேறு ஆறு பெருகித் தெலங்கானாவின் கம்மம் மூழ்கியது. மாநிலத்தின் சேதத்தை அரசு முதலில் 5,438 கோடி என்றது, மாத முடிவுக்குள் அது பத்தாயிரம் கோடியைத் தாண்டியது. ஹைதராபாத்திலிருந்து கம்மம் சுமார் 200 கிலோமீட்டர். போய்வர 400. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் லாரிக்கு 100 லிட்டர் டீசல், 9,500 ரூபாய்க்கு மேல். அதில் பத்து டன் பாட்டில் தண்ணீர் ஏற்றினால் 10,000 லிட்டர். ஒரு லிட்டர் பாட்டில் 20 ரூபாய் என்றால் 2 லட்சம். டீசலோடு சேர்த்து லிட்டர் 21 ரூபாய். டேங்கர் தண்ணீர் ஹைதராபாத் விலையில் லிட்டர் 10 பைசா. வெள்ளம் வந்த முதல் நாள் பாட்டில் தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை. மாடியில் சிக்கியவருக்கு டேங்கரை ஏற்றிக் கொடுக்க முடியாது. நான்காம் நாள், டேங்கர் ஓடத் தொடங்கிய தெருவுக்கு அதே லாரி போனால் வீண்; அந்த 2 லட்சத்தில் 40 குடும்பத்துக்குத் துணியும் பாத்திரமும் போயிருக்கும். முதல் நாளா நான்காம் நாளா என்று அந்தத் தெருவில் ஒருவரிடம் ஃபோனில் கேட்டால் தெரிந்துவிடும்.

ஆகவே கொண்டாப்பூரில், கொத்தகுடாவில், மசீத் பண்டாவில் ‘என்ன உதவி செய்யலாம்’ என்று கேட்கும் ஐடி நண்பர்களுக்கு நான் சொல்வது: அரிசி வாங்குவதற்கு முன் ஆட்கள் எழுதும் பட்டியலைப் பிடியுங்கள். ஆட்சியர் அலுவலகமோ, மாநகராட்சி மண்டல அலுவலகமோ, மாநிலத்தில் இயங்கும் தொண்டு நிறுவனக் கூட்டமைப்போ வைத்திருக்கும் பட்டியல் இருந்தால் அதில் சேருங்கள். புதிதாக ஒன்று தொடங்காதீர்கள். உங்கள் கம்பெனியில் புதுத் தளம் எழுதும் ஆசை எல்லாருக்கும் வரும். வெள்ளத்தின் நடுவில் பதினைந்து தளம் இருப்பதும் பட்டியலே இல்லாததும் ஒன்றுதான்.

பட்டியலில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. தெருவும் அடையாளமும், குடும்பங்கள், அதில் கைக்குழந்தை, கர்ப்பிணி, படுக்கையில் இருப்பவர், என்ன தேவை, யார் நேரில் பார்த்தார், எப்போது பார்த்தார், யார் கொடுப்பதாகச் சொன்னார், கொடுத்தாயிற்றா. ‘நேரில் பார்த்தவர்’, ‘பார்த்த நேரம்’ என்ற இரண்டு கட்டமும் காலியாக இருக்கும் வரியை நம்பி வண்டி அனுப்பக் கூடாது. ஆதார் எண் வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஆயிரம் கைமாறும் தாளில் ஏழைகளின் ஆதாரும் வங்கிக் கணக்கும் கிடப்பது அடுத்த திருட்டுக்கு வழி. ஃபோன் எண்கூட ஃபோன் செய்கிறவர்களின் கையில் மட்டும் இருக்கட்டும். தெலுங்கும் ஹிந்தியும் ஒடியாவும் பேசுகிற ஒருவராவது குழுவில் இருக்கட்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய தேவை கட்டடத் தொழிலாளியின் தேவையாக இருக்காது.

இந்த வேலைக்கு மழைக்காலம் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜூனுக்கு முன், ஏரிக்குக் கீழே இருக்கும் குடியிருப்புகள், தொழிலாளர் கொட்டகைகள், அவற்றின் மேஸ்திரிகள், 76 வகுப்பறைக்கு ஈடான பள்ளிகளும் மண்டபங்களும், அவற்றின் சாவி வைத்திருப்பவர் யார் என்று எழுதிவைக்கலாம். சாவிக்காரரின் பெயர் தெரியாமல் நள்ளிரவில் பூட்டை உடைத்த கதை எல்லா ஊரிலும் உண்டு.

மழை வந்த பிறகு ஒரே வேலைதான் மிச்சம்: ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஃபோன். வந்ததா, எவ்வளவு வந்தது, இன்னும் என்ன வேண்டும். ஒரு அழைப்புக்கு 4 நிமிடம் என்று வையுங்கள். 250 குடும்பத்துக்கு 1,000 நிமிடம். நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 4 மணி 10 நிமிடம். ஃபோன் எடுக்காதவர்களுக்கு மறுபடி அடிக்க இன்னொரு மணி நேரம்.